ஹைபர்நெஃப்ரோமா: ஒரு தப்பான பெயரின் கதை

பேத்தாலஜி லேபில் டெக்னீஷியனாக முப்பத்திரண்டு வருடம் ஓட்டியவன் நான். நோய்களின் பெயர்கள் எங்கிருந்து வந்தன என்று தேடிப் படிப்பது ரிட்டயர் ஆன பிறகு ஒரு பொழுதுபோக்காகவே ஆகிவிட்டது. அப்படித் தேடியதில் என்னை ரொம்ப நாள் பிடித்து வைத்துக்கொண்ட பெயர் ஹைபர்நெஃப்ரோமா. எண்பதுகளில் ஆபரேஷன் தியேட்டரிலிருந்து கட்டியோடு ஒரு சிறுநீரகம் ஃபார்மலின் ஜாடியில் வந்தால், கூட வரும் சீட்டில் பெரும்பாலும் இந்தப் பெயர்தான் எழுதியிருக்கும். எங்கள் டாக்டர் பார்த்துவிட்டு ரிப்போர்ட்டில் எழுதுவதோ ரீனல் செல் கார்சினோமா. இரண்டும் ஒரே நோய்தான். ஆனால் ரிப்போர்ட் வாங்க வரும் மகனுக்கோ மருமகனுக்கோ அது எப்படித் தெரியும்? இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "சார், அப்பாவுக்கு இருக்கிறது ஒரு வியாதியா, ரெண்டா?" என்று கேட்பார்கள். இப்படிக் கேட்டவர்கள் ஒருவர் இருவர் இல்லை.

கிரேக்க மொழியில் 'ஹைபர்' என்றால் மேலே, 'நெஃப்ரோஸ்' என்றால் சிறுநீரகம். சிறுநீரகத்தின் தலையில் தொப்பி வைத்தாற்போல் உட்கார்ந்திருப்பது அட்ரீனல் சுரப்பி. அதாவது, இந்தக் கட்டி சிறுநீரகத்தில் பிறந்ததல்ல, அட்ரீனலிலிருந்து வந்தது என்று அந்தப் பெயர் சொல்கிறது. அது தப்பு. தப்பு என்று தெரிந்த பிறகும் அந்தப் பெயர் பல பத்தாண்டுகள் நம் ஊர் வார்டு வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

ஆரம்பித்து வைத்தவர் பவுல் கிராவிட்ஸ். 1850-இல் பொமரேனியாவில் பிறந்தவர். பெர்லினில் ருடால்ஃப் விர்ஷோவிடம் உதவியாளராக இருந்தார். நோய் என்பது செல்லில் தொடங்குகிறது என்று 1858-இல் புத்தகம் போட்டு மருத்துவத்தையே புரட்டிப்போட்ட விர்ஷோதான். அவர் நடத்திய பத்திரிகையிலேயே 1883-இல் கிராவிட்ஸ் ஒரு கட்டுரை எழுதினார். தலைப்பு, 'சிறுநீரகத்தின் லிப்போமாக்கள் எனப்படுபவை'. அந்த 'எனப்படுபவை'யில்தான் விஷயமே இருக்கிறது. சிறுநீரகத்தில் காணப்படும் மஞ்சள் நிறக் கட்டிகளை அதுவரை கொழுப்புக் கட்டி என்று எழுதி வந்தார்கள். இவை கொழுப்புக் கட்டியே இல்லை என்றார் இவர். அது சரியான பேச்சு. பிறகு எதுதான் என்று சொல்லப் போன இடத்தில்தான் வழி மாறியது.

அவர் காட்டிய காரணங்கள் லேசானவை அல்ல. கட்டிகள் சிறுநீரகத்தின் மேலுறைக்குக் கீழேயே இருக்கின்றன. சுற்றிலும் ஓர் உறை இருந்து அவற்றைச் சிறுநீரகத்திலிருந்து பிரித்து வைக்கிறது. செல்களைப் பார்த்தால் சிறுநீரகக் குழாய்களின் செல் மாதிரி இல்லை, உள்ளே கொழுப்பு நிறைந்து அட்ரீனலின் வெளிப்பகுதிச் செல் மாதிரி இருக்கின்றன. ஆகவே குழந்தை கருவில் உருவாகும்போது அட்ரீனலின் துணுக்கு ஒன்று சிறுநீரகத்துக்குள் மாட்டிக்கொண்டு, வயதான பிறகு கட்டியாக வளர்கிறது என்றார். கருவில் மிச்சப்பட்ட திசுவிலிருந்து கட்டி பிறக்கிறது என்று யூலியஸ் கோன்ஹைம் சொல்லிவைத்த கருத்து அப்போது செல்வாக்காக இருந்தது. தவிர, சிறுநீரக உறைக்கடியில் அட்ரீனல் துணுக்குகள் சில பேருக்கு நிஜமாகவே இருக்கின்றன. அதில் கற்பனை ஒன்றும் இல்லை.

ஸ்லைடு போட்டுப் பழகியவனுக்கு கிராவிட்ஸ்மேல் கோபம் வராது. இந்தக் கட்டியை நடுவில் அறுத்தால் பொன் மஞ்சளாக இருக்கும், நடுநடுவே ரத்தம் கசிந்த சிவப்பும் பழுப்பும். அட்ரீனலை அறுத்தாலும் ஓரம் அதே பொன் மஞ்சள்தான். பிறகு நாங்கள் செய்கிற வேலையைப் பாருங்கள்: ஃபார்மலினில் ஊறவைத்து, ஆல்கஹாலில் நீரை வாங்கி, சைலீனில் போட்டு, மெழுகில் புதைத்து, மைக்ரோடோமில் சீவி, சாயம் ஏற்றுகிறோம். ஆல்கஹாலும் சைலீனும் செல்லுக்குள் இருந்த கொழுப்பைக் கரைத்துக்கொண்டு போய்விடும். மிஞ்சுவது ஒரு கோடும், நடுவில் வெள்ளையும், ஒரு புள்ளி உட்கருவும். கிளியர் செல் என்ற பெயரே அதனால்தான் வந்தது. அட்ரீனல் செல்லும் அதே ஆல்கஹாலில் அப்படியே வெளுத்துவிடும். லேபிள் இல்லாமல் இரண்டு ஸ்லைடைக் கொடுத்தால், புதிதாகச் சேர்ந்த பி.ஜி. டாக்டர்கள் இன்றைக்கும் கொஞ்சம் திணறத்தான் செய்வார்கள்.

எதிர்ப்பு வர அதிக காலம் ஆகவில்லை. 1893-இல், அதே பத்திரிகையில், பவுல் சூடெக் என்ற இளைஞர் பதில் எழுதினார். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. கட்டியை மட்டும் பார்க்காமல் அதைச் சுற்றியிருந்த சிறுநீரகத் திசுவையும் பார்த்ததுதான் அவர் செய்த நல்ல காரியம். அங்கே சிறுநீரகக் குழாய்களின் செல்களே மாறிக்கொண்டிருந்தன, கட்டியின் அமைப்போடு அவை ஒத்துப்போயின. கட்டி இந்தக் குழாயில் பிறந்ததுதான் என்றார். 1908-இல் வியன்னாவில் ஸ்டோர்க்கும் கிராவிட்ஸை மறுத்தார். ஆனால் ஓட்டோ லூபார்ஷ் போன்ற பெரிய பேத்தாலஜிஸ்டுகள் கிராவிட்ஸ் பக்கம் இருந்தார்கள். ஹைபர்நெஃப்ரோமா என்ற சொல்லை கிராவிட்ஸ் வைக்கவில்லை, அவருக்குப் பின்னால் வந்தவர்கள் ஒட்டியது. என் அபிப்பிராயத்தில் சூடெக்கைத் தோற்கடித்தது வாதம் அல்ல, அந்தப் பெயர்தான். பெயர் பாடப் புத்தகத்தில் ஏறியபின் அதை இறக்குவது சாதாரணக் காரியமா? சூடெக்கின் பெயரை இன்று டாக்டர்கள் சொல்வது வேறு ஒரு விஷயத்துக்காக. அடிபட்ட கைகால் எலும்பு மெலிந்துபோகும் 'சூடெக்ஸ் அட்ராஃபி'க்காக.

வழக்குத் தீர்ந்தது 1960-இல், பிரான்சில். சார்ல்ஸ் ஓபர்லிங்கும் அவருடன் வேலை செய்தவர்களும் இந்தக் கட்டியின் செல்லை எலெக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார்கள். நம் சிறுநீரகம் நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் வடிகட்டுகிறது. அதில் மூன்றில் இரண்டு பங்கை வடிகட்டிக்கு அடுத்து வரும் முதல் குழாய்ப் பகுதியே திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. அந்த வேலைக்காக அதன் செல்களின் உட்புற விளிம்பில் பிரஷ் முடி போல நெருக்கமாக நுண் இழைகள் இருக்கும். அதே பிரஷ் கட்டிச் செல்லிலும் இருந்தது. அட்ரீனலுக்கு இந்த வேலையும் இல்லை, இந்த பிரஷும் இல்லை. சூடெக் சாதாரண மைக்ரோஸ்கோப்பில் பார்த்துச் சொன்னது அறுபத்தேழு வருடம் கழித்து உறுதியானது.

அப்படியானால் அந்தக் கொழுப்பு? சிறுநீரகச் செல்லுக்குள் அவ்வளவு கொழுப்பு ஏன் வர வேண்டும்? கிராவிட்ஸின் சாட்சிகளிலேயே பலமானது அதுதான், அதற்குப் பதில் ரொம்பக் காலம் வரவில்லை. பதில் வந்தது எதிர்பாராத திசையிலிருந்து. கண் விழித்திரையில் ரத்தக்குழாய்க் கட்டிகள் வரும் ஒரு நோயை 1904-இல் ஜெர்மானியக் கண் மருத்துவர் ஓய்கன் ஃபான் ஹிப்பெல் விவரித்திருந்தார். 1926-இல் ஸ்வீடன் நாட்டு பேத்தாலஜிஸ்ட் ஆர்விட் லிண்டாவ் அதை மூளைக் கட்டிகளோடும் சிறுநீரகக் கோளாறுகளோடும் சேர்த்து ஒரே நோயாகக் காட்டினார். கிராவிட்ஸ் அப்போது உயிரோடு இருந்தார், 1932-இல்தான் காலமானார். பரம்பரையாக வரும் அந்த நோயின் மரபணு 1993-இல் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கு வி.ஹெச்.எல். என்று பெயர். பரம்பரை நோய் இல்லாதவர்களுக்கு வரும் கிளியர் செல் கட்டிகளிலும் பெரும்பாலும் அதே மரபணுதான் கெட்டுப்போயிருந்தது.

அது என்ன வேலை செய்கிறது என்று காட்டியவர்களில் ஒருவர் ஆக்ஸ்ஃபோர்டின் பீட்டர் ராட்கிளிஃப், அவர் ஒரு சிறுநீரக மருத்துவர். ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தால் சிறுநீரகம் எரித்ரோபாய்டின் என்ற ஹார்மோனை அதிகமாகச் சுரக்கும், அதனால் சிவப்பணுக்கள் கூடும். குறைந்ததை அது எப்படி உணர்கிறது என்பதுதான் அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. புற்றுநோயைத் தேடி அவர் புறப்படவில்லை. 1992-இல் 'நேச்சர்' பத்திரிகை அவருடைய கட்டுரை ஒன்றைத் திருப்பி அனுப்பியது. 1999-இல் அதே 'நேச்சர்' வி.ஹெச்.எல். பற்றிய அவர் குழுவின் கட்டுரையை வெளியிட்டது. ஆக்சிஜன் போதுமான அளவு இருக்கும்போது, ஹெச்.ஐ.எஃப். என்ற புரதத்தை அழிப்பதற்கு அடையாளம் போடுவது வி.ஹெச்.எல். அது கெட்டுப்போனால் ஹெச்.ஐ.எஃப். குவிகிறது. மூச்சு முட்டுவதாகச் செல் நினைத்துக்கொள்கிறது. புது ரத்தக்குழாய்களை வரவழைக்கிறது, சர்க்கரையையும் கொழுப்பையும் உள்ளே சேர்த்து வைக்கிறது. நான் ஜாடியிலிருந்து எடுத்து அறுத்த கட்டிகளில் பார்த்த ரத்தச் சிவப்புக்கும் பொன் மஞ்சளுக்கும் காரணம் இதுதான். சிறுநீரகச் செல் அல்ல என்பதற்கு கிராவிட்ஸ் சாட்சியாக வைத்த கொழுப்பு, சிறுநீரகச் செல்லுக்குள் ஒரு மரபணு பழுதானதன் தடயமாக முடிந்தது.

ராட்கிளிஃபுக்கும், அமெரிக்கர்களான வில்லியம் கேலினுக்கும் கிரெக் செமென்சாவுக்கும் 2019-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஹெச்.ஐ.எஃப். புரதத்தில் ஒரு வகையைத் தடுக்கும் பெல்சுட்டிஃபான் என்ற மாத்திரையை, வி.ஹெச்.எல். நோயாளிகளுக்கு வரும் கட்டிகளுக்காக அமெரிக்கா 2021 ஆகஸ்டில் அனுமதித்தது. வாயில் போட்டு விழுங்குகிற மாத்திரைதான், தினம் ஒரு வேளை.