தமிழ்நாட்டில் மருத்துவ ஆய்வகத் தரக் கண்காணிப்பு

மருத்துவ ஆய்வகத் தரக் கண்காணிப்பு என்பது இரத்தம், சிறுநீர், திசு முதலியவற்றைச் சோதித்து ஆய்வகங்கள் தரும் முடிவுகள் நம்பத்தக்கவையாக இருப்பதை உறுதி செய்யும் சட்டங்கள், தரநிலைகள், அன்றாட நடைமுறைகள் ஆகியவற்றின் தொகுப்பாகும். பதிவு, தர ஏற்பு, தரக்கட்டுப்பாடு ஆகியவை இதன் மூன்று அடுக்குகள். இவற்றுள் ஒன்று இருப்பதால் மற்றவையும் இருப்பதாகக் கொள்ள இயலாது.

பதிவு

தமிழ்நாட்டில் தனியார் மருத்துவ நிலையங்களை ஒழுங்குபடுத்தும் சட்டம் 1997 இல் இயற்றப்பட்டது. அதற்கான விதிகள் 2018 இல்தான் அறிவிக்கப்பட்டன. அவ்வாண்டின் சட்டத்திருத்தம் அரசு மருத்துவமனைகளையும் வரம்புக்குள் கொண்டுவந்தது. ஆய்வகங்களும் இச்சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற வேண்டும். பதிவு மாவட்ட அளவில் நடைபெறுகிறது. சென்னையின் மேற்குப் புறநகரில் ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்தவை. அம்பத்தூர் 2018 முதல் சென்னை மாவட்டத்தில் உள்ளது. ஆகவே அருகருகே அமைந்த ஆய்வகங்களும் வெவ்வேறு மாவட்டங்களின் கீழ் வரக்கூடும்.

ஆய்வறிக்கையில் கையொப்பமிடுவோர் நோயியலில் முதுநிலைத் தகுதி பெற்ற, பதிவு செய்த மருத்துவராக இருக்க வேண்டும் என்று, குசராத்தைச் சேர்ந்த ஒரு வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 2017 திசம்பரில் கூறியது.

தர ஏற்பு

இந்தியத் தரக் குழுமத்தின் ஓர் அங்கமான என்.ஏ.பி.எல். வாரியம் ஆய்வகங்களுக்குத் தர ஏற்பு அளிக்கிறது. இதற்கு அடிப்படையான ஐ.எஸ்.ஓ. 15189 தரநிலை முதலில் 2003 இல் வெளியானது. 2022 இல் திருத்தப்பட்டது. பதிவைப் போலன்றி, இந்த ஏற்பு ஆய்வகம் தானே விரும்பிப் பெறுவதாகும். மேலும் இது ஆய்வகம் முழுமைக்கும் பொதுவாக வழங்கப்படுவதன்று. சோதனை வாரியாகப் பட்டியலிட்டு வழங்கப்படுகிறது. பட்டியலில் இல்லாத சோதனைக்கு அந்த ஏற்பு பொருந்தாது. சிறிய ஆய்வகங்களுக்கென 2019 இல் ஒரு தொடக்கநிலைத் திட்டம் அறிமுகமானது.

தரக்கட்டுப்பாடு

அகத் தரக்கட்டுப்பாட்டில், அளவு முன்பே அறியப்பட்ட மாதிரி ஒன்று நோயாளிகளின் மாதிரிகளோடு சேர்த்துச் சோதிக்கப்படுகிறது. அதன் முடிவுகள் 1950 இல் லீவி, செனிங்சு ஆகியோர் அறிமுகப்படுத்திய வரைபடத்தில் நாள்தோறும் குறிக்கப்படுகின்றன. பொதுவாக, சராசரியிலிருந்து இரண்டு திட்டவிலக்கத்தைத் தாண்டினால் எச்சரிக்கை. மூன்றைத் தாண்டினால் அந்தச் சுற்றின் முடிவுகள் நிறுத்தி வைக்கப்பட்டுக் காரணம் ஆராயப்படும். வெசுட்கார்டு 1981 இல் இத்தகைய விதிகளை ஒருங்கிணைத்தார்.

புறத் தர மதிப்பீட்டில் ஒரே மாதிரி பல ஆய்வகங்களுக்கு அனுப்பப்பட்டு, முடிவுகள் ஒப்பிடப்படுகின்றன. 1947 இல் அமெரிக்காவில் பெல்க், சண்டர்மேன் ஆகியோர் இவ்வாறு ஒப்பிட்டபோது மருத்துவமனைகளின் முடிவுகள் பெரிதும் வேறுபட்டிருந்தன. தமிழ்நாட்டில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி இத்தகைய மதிப்பீட்டுத் திட்டங்களை நடத்துகிறது.

சோதனைக்கு முன்னும் பின்னும்

ஆய்வகப் பிழைகளுள் பெரும்பான்மையானவை கருவியில் நிகழ்வதில்லை. மாதிரி எடுத்தல், பெயர் ஒட்டுதல், கொண்டுசெல்லுதல் ஆகியவற்றின்போது நிகழ்கின்றன. சேகரிப்பு மையத்தில் எடுத்த இரத்தம் தொலைவிலுள்ள ஆய்வகத்துக்குச் செல்லும்போது இது முக்கியமாகிறது. சாதாரணக் குழாயில் பிரிக்கப்படாமல் இருக்கும் இரத்தத்தில் சர்க்கரை அளவு மணிக்கு ஏறத்தாழ 5 முதல் 7 விழுக்காடு குறையும். இரத்த அணுக்கள் சிதைந்தால் பொட்டாசியம் உயர்வாகத் தெரியும். கட்டுப்பாட்டு மாதிரியால் இவற்றைக் கண்டறிய இயலாது.

முடிவு சரியாக இருந்தும் அது உரியவரைச் சேராமற்போகலாம். 2018 திசம்பரில் விருதுநகர் மாவட்டம் சாத்தூர் அரசு மருத்துவமனையில் கர்ப்பிணிப் பெண் ஒருவருக்கு எச்.ஐ.வி. தொற்றுள்ள இரத்தம் ஏற்றப்பட்டது. அது சிவகாசி அரசு மருத்துவமனையின் இரத்த வங்கியிலிருந்து வந்தது. கொடையாளருக்குத் தொற்று இருப்பது 2016 இல் அவர் இரத்தம் அளித்தபோதே கண்டறியப்பட்டிருந்தது. ஆனால் அச்செய்தி அவரைச் சென்றடையவில்லை. இரண்டாண்டுகளுக்குப் பின் அவர் மீண்டும் இரத்தம் அளித்தபோது தொற்று தடுக்கப்படாமல் அது பயன்பாட்டுக்கு வந்தது. பாதிக்கப்பட்ட பெண்ணுக்கு இழப்பீடு வழங்குமாறு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை பின்னர் உத்தரவிட்டது.

அறிக்கையில் காணத்தக்கவை

மாதிரி எடுத்த நேரம், ஆய்வகம் பெற்ற நேரம், சோதனை முறை, இயல்பு வரம்பு, கையொப்பமிட்டவரின் தகுதி ஆகியவை அறிக்கையில் இடம்பெற வேண்டும். இயல்பு வரம்பு பொதுவாக நலமானோரில் 95 விழுக்காட்டினரின் அளவுகளைக் கொண்டு வகுக்கப்படுகிறது. எனவே நலமான இருபது பேரில் ஒருவரின் முடிவு வரம்புக்கு வெளியே அமைவது இயல்பே. ஆய்வகந்தோறும் முறையும் வரம்பும் மாறக்கூடும் என்பதால், தொடர் சோதனைகளை ஒரே ஆய்வகத்தில் செய்வது ஒப்பீட்டை எளிதாக்கும்.