நீலகிரி காட்டுப்புறா

நீலகிரி காட்டுப்புறா என்பது மேற்குத் தொடர்ச்சி மலைகளை முதன்மை வாழிடமாகக் கொண்ட ஒரு பெரிய புறா இனம் ஆகும். இதன் அறிவியல் பெயர் கொலம்பா எல்பின்ஸ்டோனீ. 1819 முதல் 1827 வரை பம்பாய் ஆளுநராக இருந்த மவுண்ட்ஸ்டுவர்ட் எல்பின்ஸ்டனின் நினைவாக, வில்லியம் ஹென்றி சைக்ஸ் 1832-இல் இப்பெயரைச் சூட்டினார். நீலகிரி என்னும் அடைமொழி இருப்பினும், இப்பறவை மகாராட்டிரம் முதல் தென்கேரளம் வரை காணப்படுகின்றது. தமிழ்நாட்டில் நீலகிரி, ஆனைமலை, பழனி மலைகளில் வாழ்கின்றது. மலைத்தொடரை விட்டு வெகுதொலைவில், பெங்களூருக்கு அருகிலுள்ள நந்தி மலையிலும் ஒரு சிறு கூட்டம் தனித்து வாழ்வது வியப்புக்குரியது.

== தோற்றம் ==
நகரங்களில் காணும் மாடப்புறாவை விடப் பெரியது. ஏறத்தாழ 42 செ.மீ. நீளம் வரை இருக்கும். தலையும் அடிப்பகுதியும் சாம்பல் நிறம், முதுகு செம்பழுப்பு. பின்கழுத்தில் சதுரங்கப் பலகை போன்று கறுப்பும் வெள்ளையுமாய் அமைந்த திட்டே இதன் முக்கிய அடையாளம். இலங்கை மலைநாட்டில் வாழும் இலங்கைக் காட்டுப்புறா இதன் நெருங்கிய உறவினம்.

இதைப் பார்ப்பதை விடக் கேட்பது எளிது. மந்தியின் குரலை ஒத்த உரத்த "ஊ" என்னும் ஒலியும், அதைத் தொடர்ந்து தாழ்ந்த "ஊ-ஊ-ஊ" என்னும் ஒலியும் அடர்ந்த மரக்கிளைகளிலிருந்து எழும். ஆள் அரவம் கேட்டால் இறக்கைகள் படபடக்கப் பறந்து மறையும்.

== உணவும் சோலைக்காடுகளும் ==
பழங்களே இதன் முதன்மை உணவு. குறிப்பாக இலவங்கம், நாவல் ஆகியவற்றின் குடும்பங்களைச் சேர்ந்த மரங்களின் பழங்களை விதையோடு முழுதாக விழுங்கும். தரையில் உதிர்ந்தவற்றையும் பொறுக்கும். சிறு நத்தைகளையும் சில வேளை மண்ணையும் உண்பதுண்டு. விழுங்கிய விதைகளை வேறிடம் கொண்டு செல்வதால் சோலை மரங்கள் பரவ இது துணைபுரிவதாகக் கருதப்படுகின்றது. ஆகவே காடு இப்பறவைக்கு உணவளிப்பதோடு, இப்பறவையாலும் ஓரளவு உருவாகின்றது எனலாம். கோயம்புத்தூரிலுள்ள சாலிம் அலி பறவையியல் மையத்தின் ஆய்வாளர்கள் பழனி மேல்மலைச் சோலைகளில் இதன் உணவுப் பழக்கங்களை ஆராய்ந்துள்ளனர்.

== இனப்பெருக்கம் ==
பெரும்பாலும் மார்ச் முதல் சூலை வரை. சுள்ளிகளால் ஆன எளிய கூட்டில் ஒரே ஒரு வெள்ளை முட்டை இடும்.

== காப்பு நிலை ==
ஓர் ஈட்டுக்கு ஒரே முட்டை என்பதால், எண்ணிக்கை குறைந்தால் விரைவில் மீள்வது கடினம். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இதனை அழிவாய்ப்பு இனமாக வகைப்படுத்தியுள்ளது. முற்காலத்தில் இது இறைச்சிக்காக வேட்டையாடப்பட்டது; 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்தது. ஆனால் பெரிய இழப்பு துப்பாக்கியால் நேர்ந்ததன்று. காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்காகப் பழமரங்கள் நிறைந்த காடுகள் அழிக்கப்பட்டன. எஞ்சிய சோலைகளும் பல இடங்களில் தைலமர, சீகை மரத் தோப்புகளுக்கு நடுவே சிறு திட்டுகளாகவே உள்ளன.