காதேஷ் போர்

காதேஷ் போர், எகிப்துப் பேரரசும் ஹிட்டைட் பேரரசும் கி.மு. 1274 வாக்கில் இன்றைய சிரியாவின் ஹோம்ஸ் நகருக்கு அருகே, ஒரோண்டஸ் ஆற்றங்கரையில் மோதிக்கொண்ட போர். எகிப்தியருக்கு இரண்டாம் ராமேசஸும் ஹிட்டைட்டுகளுக்கு இரண்டாம் முவதல்லியும் தலைமை தாங்கினர். படைகளின் நகர்வை விரிவாக அறிய முடிகிற மிகப் பழைய போர்களுள் இதுவும் ஒன்று.

பின்னணி

சிரியாவின் வணிக வழிகள் யார் கையில் என்பதே சண்டைக்கு வேர். ஹிட்டைட்டுகளுக்கு அடங்கியிருந்த அமுர்ரு சிற்றரசு எகிப்தின் பக்கம் சாய்ந்ததும் பகை முற்றியது.

போர்

ஆமுன், ரே, ப்தா, சேத் என்று கடவுளர் பெயர் தாங்கிய நான்கு படைப்பிரிவுகளுடன் ராமேசஸ் வடக்கே புறப்பட்டார். வழியில் எதிர்ப்பட்ட நாடோடிகள் இருவர், ஹிட்டைட் படை தொலைவில், அலெப்போ பகுதியில் இருப்பதாகச் சொன்னார்கள். அவர்கள் முவதல்லி அனுப்பிய ஆட்கள். அதை அறியாத ராமேசஸ், ஆமுன் பிரிவுடன் முந்திச் சென்று காதேஷுக்கு அருகே பாசறை அமைத்தார். பிடிபட்ட ஒற்றர்களை அடித்து விசாரித்தபோதுதான், எதிரிப்படை காதேஷ் கோட்டைக்குப் பின்னால் பதுங்கியிருப்பது தெரிந்தது.

அதற்குள் ஹிட்டைட் தேர்ப்படை பாய்ந்துவிட்டது.

வந்தவை 2,500 தேர்கள், தேருக்கு மூன்று வீரர்கள் என்பது எகிப்தியர் தரும் கணக்கு. வந்துகொண்டிருந்த ரே பிரிவு சிதறியது; பாசறைக்குள்ளும் எதிரிகள் புகுந்தார்கள். ராமேசஸ் தேரேறி எதிர்த்து நின்றார். அமுர்ரு திசையிலிருந்து துணைப்படை வந்து சேர, ஹிட்டைட்டுகள் ஆற்றுக்குள் தள்ளப்பட்டார்கள். தண்ணீர் குடித்துத் தத்தளித்த, ஹிட்டைட் அணியைச் சேர்ந்த அலெப்போ அரசனை அவனுடைய வீரர்கள் தலைகீழாகப் பிடித்திருக்கும் காட்சியை ராமேசியம் கோயில் சிற்பத்தில் இன்றும் காணலாம்.

விளைவு

தனியொருவனாக நின்று வென்றதாக ராமேசஸ் கர்னாக், லக்சர், அபு சிம்பெல் கோயில் சுவர்களில் பொறித்தார். ஆனால் காதேஷ் ஹிட்டைட்டுகளிடமே இருந்தது. அமுர்ருவும் அவர்களிடம் திரும்பியது.

சுமார் 15 ஆண்டுகளுக்குப் பின், கி.மு. 1259 வாக்கில், அப்போதைய ஹிட்டைட் அரசர் மூன்றாம் ஹத்துசிலியும் ராமேசஸும் உடன்படிக்கை செய்தார்கள். ஒருவர் நாட்டின்மேல் மற்றவர் படையெடுப்பதில்லை, வேற்றார் தாக்கினால் துணைக்கு வருவது, தப்பியோடி வந்தவர்களைத் திருப்பி ஒப்படைப்பது, அப்படி ஒப்படைக்கப்பட்டவர்களைத் தண்டிப்பதில்லை என்பவை அதன் விதிகள். எகிப்திய வடிவம் கோயில் சுவர்களிலும், அக்காடிய மொழி வடிவம் ஹிட்டைட் தலைநகர் ஹத்துசாவின் களிமண் பலகைகளிலும் கிடைத்துள்ளன. பின்னர் ஹத்துசிலியின் மகள் ராமேசஸுக்கு மனைவியானாள். ராமேசஸின் மகன் மெர்னெப்தா, பஞ்சத்தில் வாடிய ஹிட்டைட் நாட்டுக்குக் கப்பல்களில் தானியம் அனுப்பியதைத் தன் கல்வெட்டில் பதிந்திருக்கிறார்.