நீக்கப்பட்ட பதிவுகளும் வரலாற்றுச் சான்றும்: யூரோ 2020 இறுதியாட்டத்தை முன்வைத்து

முன்னுரை

2021 ஜூலை 11 அன்று இலண்டன் வெம்பிளி அரங்கில் நடைபெற்ற யூரோ 2020 கால்பந்து இறுதியாட்டம் 1-1 எனச் சமநிலையில் முடிந்தது. பெனால்டி உதைகளில் இத்தாலி 3-2 என இங்கிலாந்தை வென்றது. உதைகளைக் கோலாக்கத் தவறிய மார்க்கஸ் ராஷ்ஃபோர்டு, ஜேடன் சான்சோ, புகாயோ சாகா ஆகிய மூவரும் கறுப்பின வீரர்கள். அன்றிரவே சமூக ஊடகங்களில் அவர்கள்மீது இனவெறி வசைகள் குவிந்தன. அவை உள்நாட்டில் எழுந்தனவா, வெளிநாடுகளிலிருந்து வந்தனவா என்பது பிரித்தானியப் பொதுவிவாதத்தின் மையவினாக்களுள் ஒன்றாயிற்று.

இரு கணக்கீடுகள்

அவ்வாண்டு ஆகஸ்டுத் தொடக்கத்தில் பிரித்தானியக் கால்பந்துக் காவல் பிரிவு 207 பதிவுகளைக் குற்றத்தன்மை உடையனவாக அறிவித்தது. அவற்றிற்குரிய பயனர் கணக்குகளுள் 34 உள்நாட்டவை, 123 வெளிநாட்டவை, எஞ்சிய 50 கணக்குகளின் விவரங்கள் அப்போது கிடைக்கவில்லை. சில நாள்களில் டுவிட்டர் நிறுவனம் தன் ஆய்வை வெளியிட்டது. ஆட்டத்தின்போதும் அடுத்த 24 மணி நேரத்திலும் 1,622 பதிவுகளை நீக்கியதாகவும், நீக்கப்பட்டவை வேறெந்நாட்டையும்விடப் பிரித்தானியாவிலிருந்தே மிகுதியாக வந்ததாகவும் அது கூறியது.

இவை முரண்படுவனபோல் தோன்றினும் இரண்டும் ஒருங்கே உண்மையாதல் கூடும். காவல் பிரிவு சட்டத்தை அளவுகோலாகக் கொண்டது. டுவிட்டர் தன் விதிகளைக் கொண்டது. மேலும், 123 என்பது வெளிநாடுகள் அனைத்தின் கூட்டுத்தொகை. டுவிட்டரோ நாடுகளைத் தனித்தனியே ஒப்பிட்டது. முதல் எண்ணை மட்டும் எடுத்துக்கொள்வோர் இனவெறியை அயலார் செயலெனத் தள்ளிவிட இயலும். இரண்டாவதை மட்டும் கொள்வோர் எல்லை கடந்த வசையைக் காணத் தவறுவர்.

அழிந்த சான்று

டுவிட்டர் 2021 ஜனவரியில் தன் முழுப் பதிவுக் களஞ்சியத்தையும் கல்வித்துறை ஆய்வாளர்க்குக் கட்டணமின்றித் திறந்திருந்தது. எனினும், நீக்கப்பட்ட பதிவுகள் அக்களஞ்சியத் தேடலில் அகப்படுவதில்லை. ஆகவே, பின்னாளில் தரவு திரட்டியவர்க்குக் கண்டனமும் ஆதரவும் மிகுந்தும், வசை குறைந்தும் தோன்றும். வசைகளுள் பல குரங்கு எமோஜிகளாக அமைந்தமையால் சொல்வழித் தேடலும் அவற்றைத் தவறவிடும். பாதிக்கப்பட்டோரைக் காக்க நீக்கம் இன்றியமையாதது. ஆனால் அதனால் மூலச்சான்று நிறுவனத்திடமே தங்கிவிடுகிறது. நிரந்தரமாக முடக்கப்பட்ட பயனர் கணக்குகளுள் 99 விழுக்காட்டினர் அடையாளம் காணத்தக்கவர் என்ற அந்நிறுவனத்தின் கூற்றையும் புறத்தார் சரிபார்க்க வழியில்லை. ஆய்வாளர்க்கான இலவச அணுக்கமும் 2023இல் முடிவுற்றது.

முடிவுரை

கல்வெட்டின் சிதைந்த பகுதியைக் குறித்துக் காட்டுதல் பதிப்பாசிரியரின் கடமை. இணைய விவாதத்தை ஆராய்வோர்க்கும் அக்கடமை உண்டு. தரவு திரட்டிய நாள், தேடிய சொற்கள், எண்ணப்பட்ட அலகு பதிவா, பயனர் கணக்கா என்பன, நீக்கப்பட்டவற்றின் தன்மை ஆகியவற்றை அவர்கள் தெரிவித்தல் வேண்டும். இவையின்றித் தரப்படும் எண், அன்றிரவு மக்கள் பேசியதை அன்று, பின்னர் எஞ்சியதையே காட்டும்.