'பார்த்தேன், ஆனா தெரியல!': மோட்டார்சைக்கிள் நம் கண்ணில் படாமல் போவது ஏன்?

தாமானிலிருந்து பெரிய சாலைக்கு வெளியாகும் சந்திப்பு. வலது பக்கம் பார்க்கிறீர்கள். இடது பக்கம். மறுபடியும் வலது. யாரும் இல்லை. காரை நகர்த்துகிறீர்கள்.

அடுத்த நொடி ஹார்ன் சத்தம். ஒரு மோட்டார்சைக்கிள் உங்கள் பம்பரை உரசாத குறையாக வளைந்து போகிறது. "எங்கிருந்துதான் வர்றாங்களோ!"

அவர் எங்கிருந்தும் முளைக்கவில்லை. நீங்கள் பார்த்த திசையில்தான் வந்துகொண்டிருந்தார்.

விபத்துக்குப் பிறகு "பார்த்தேன், ஆனா தெரியல" என்று ஓட்டுநர் சொன்னால், நமக்கு அது சாக்குப்போக்காகத்தான் படும். சில நேரம் அப்படித்தான். ஆனால் பல நேரங்களில் அது உண்மையாகவே இருக்கலாம் என்கிறார்கள் ஓட்டுநர் உளவியலை ஆராய்பவர்கள். இந்த வகை விபத்துக்கென்றே ஆய்வுலகில் தனிப் பெயர் உண்டு: 'பார்த்தும் காணாதது'.

மலேசியாவில் இது சின்ன விஷயம் இல்லை. 2023-இல் நம் சாலைகளில் 6,000-க்கும் அதிகமானோர் உயிரிழந்தார்கள். நம் நாட்டில் சாலையில் இறப்பவர்களில் பத்தில் ஆறு பேருக்கு மேல் மோட்டார்சைக்கிளில் சென்றவர்கள்.

கண் ஏமாற்றுகிறது

தலையைச் சட்டென்று திருப்பும்போது கண் சாலையைத் தொடர்ச்சியாக வருடிக்கொண்டு போவதில்லை. ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தாவுகிறது. தாவும் அந்தக் கணத்தில் வரும் காட்சியை மூளை தடுத்துவிடுகிறது. நமக்கோ முழுச் சாலையையும் பார்த்துவிட்ட உணர்வு. அந்த இடைவெளியில் ஒரு லாரி மறைவது கடினம். மெலிந்த மோட்டார்சைக்கிள் மறையலாம்.

போதாக்குறைக்கு, காரின் முன்கண்ணாடிக்குப் பக்கத்தில் இருக்கும் தூண். நீங்களும் மெதுவாக முன்னேறி, அவரும் ஒரே வேகத்தில் வந்தால், அவர் அந்தத் தூணுக்குப் பின்னாலேயே பல நொடிகள் மறைந்து வர முடியும்.

கண் பார்த்தாலும் மனம் தவறவிடும்

ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பங்கேற்றவர்களுக்குச் சாலைப் படங்களைக் காட்டி, 'இந்தச் சூழல் பாதுகாப்பானதா' என்று கேட்டார்கள். கடைசிப் படத்தில் மட்டும் எதிர்பாராத ஒரு வாகனம். அது டாக்சியாக இருந்தபோது 31 விழுக்காட்டினர் கவனிக்கவில்லை. மோட்டார்சைக்கிளாக இருந்தபோது 65 விழுக்காட்டினர்!

எல்லோருக்கும் கண் நன்றாகத்தான் தெரிந்தது. பிரச்சினை கவனத்தில். நம் மூளைக்கு வந்து சேரும் எல்லாவற்றையும் அது கவனிக்க முடியாது. தேடுவதை மட்டும் எடுத்துக்கொள்கிறது. சந்திப்பில் நாம் பெரும்பாலும் தேடுவது நம்மை இடிக்கக்கூடிய காரையும் லாரியையும்.

சரி, மோட்டாரைக் கண்டுவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் சிறிய பொருள் தூரத்தில் இருப்பதாகவும் மெதுவாக வருவதாகவும் நமக்குத் தோன்றும். அதனால்தான் காருக்கு வழிவிட்டுக் காத்திருக்கும் அதே ஓட்டுநர், அதே தூரத்தில் மோட்டார்சைக்கிள் வந்தால் "போயிடலாம்" என்று திரும்பிவிடுகிறார்.

எனக்கு மிகவும் வியப்பாக இருந்தது பிரிட்டனின் நாட்டிங்ஹம் பல்கலைக்கழக ஆய்வு. சிமுலேட்டரில் காரோட்டியவர்களின் கண் அசைவைப் பதிவு செய்து, சந்திப்புகளில் என்ன வாகனம் வந்தது என்று உடனே கேட்டார்கள். சிலர் மோட்டார்சைக்கிளை நேராகப் பார்த்திருந்தும் மறந்துவிட்டிருந்தார்கள்! அதைப் பார்த்த பிறகு மற்றப் பக்கங்களைச் சரிபார்த்ததில், முதலில் கண்டது நினைவிலிருந்து நழுவிவிட்டது.

அப்போ என்னதான் செய்வது?

'கவனமா ஓட்டுங்க' என்ற அறிவுரை இங்கே பெரிதாக உதவாது. கவனமாகத்தான் ஓட்டுகிறோம் என்று எல்லோரும் நம்புகிறோம். 1981-இல் வெளியான பிரபல ஆய்வொன்றில் அமெரிக்க மாணவர்களில் 93 விழுக்காட்டினர், மற்றவர்களைவிடத் தாங்கள் திறமையான ஓட்டுநர்கள் என்றார்கள். (கணக்கு இடிக்கிறது, இல்லையா?)

மனித மூளையின் பலவீனத்தை ஏற்றுக்கொண்டு ஏற்பாடுகளை மாற்றினால் பலன் இருக்கும். இதை மலேசியா எப்போதோ செய்து காட்டியிருக்கிறது. கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார்சைக்கிள்களுக்கான தனித்தடம் 1970-களிலேயே வந்தது. 1992 முதல் பகலிலும் அவை விளக்கைப் போட்டுக்கொண்டு ஓட வேண்டும் என்பது கட்டாயம். சிரம்பானிலும் ஷா ஆலமிலும் நடந்த ஆய்வின்படி, கண்ணில் படாததால் நேரும் மோட்டார்சைக்கிள் விபத்துகள் அதன்பின் சுமார் 29 விழுக்காடு குறைந்தன. இப்போது கார்களும் பகலில் விளக்கோடு வருவதால் அந்த வித்தியாசம் முன்போல் பளிச்சென்று தெரிவதில்லை என்ற கவலையும் உண்டு.

காரோட்டும் நீங்கள் செய்யக்கூடியது: சந்திப்பில் தலையை வீசித் திருப்பாமல், ஒவ்வொரு பக்கமும் இரண்டு மூன்று இடங்களில் பார்வையை நிறுத்துங்கள். உடலைச் சற்று முன்னும் பின்னும் அசைத்துத் தூணுக்குப் பின்னாலும் பாருங்கள். மோட்டார்சைக்கிளைக் கண்டால் "மோட்டர்!" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். நாட்டிங்ஹம் ஆய்வாளர்களின் யோசனை இது. கண் மறந்தாலும் காதில் விழுந்தது சில நொடிகளாவது நினைவில் நிற்கும். பக்கத்தில் இருப்பவர் சிரிப்பார், சிரிக்கட்டும்.

நீங்கள் மோட்டார் ஓட்டுபவரா? காத்திருக்கும் காரோட்டியின் முகம் உங்கள் பக்கம் திரும்பியிருப்பதை நம்பிவிடாதீர்கள். கார்ச் சக்கரத்தைப் பாருங்கள். அது உருளத் தொடங்கினால் அவர் உங்களைக் காணவில்லை.

இன்னொன்று. மோட்டார்சைக்கிள் உரிமமும் வைத்திருக்கும் காரோட்டிகள், மோட்டார்சைக்கிளுடன் மோதும் விபத்துக்குக் காரணமாவது குறைவு என்று இத்தாலிய ஆய்வு ஒன்று காட்டியது. அவர்களுக்கு எங்கே தேடுவது என்று தெரிகிறது. உங்கள் வீட்டிலும் மோட்டார் ஓட்டும் அப்பாவோ அண்ணனோ அக்காவோ இருக்கக்கூடும். அடுத்த முறை அவரைப் பக்கத்து இருக்கையில் உட்காரவைத்து, கண்ணில் படும் ஒவ்வொரு மோட்டாரையும் சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் பார்க்காதது எத்தனை என்று எண்ணிக்கொண்டே வாருங்கள்.