காசைவிட ஓடு நல்ல சாட்சி

சென்னிமலையிலிருந்து கொடுமணல் பக்கம்தான். அங்கே போகும்போதெல்லாம் கூட வரும் நண்பர் கேட்பார்: "ரோம் வரைக்கும் தொடர்புங்கறீங்க, சீனாக்காரன் சாமான் எதுவும் கிடைக்கலைங்களா?"

நம்ம கடற்கரைப் பக்கம் கிடைச்சிருக்குங்க. தஞ்சாவூர்ப் பகுதியில் நடுவே சதுர ஓட்டை போட்ட சீனச் செப்புக்காசுகள் புதையலாகவே கிடைத்தன. அதில் தாங் வம்சக் (618–907) காசுகளும் உண்டு. அப்போ தாங் காலத்திலேயே வியாபாரம் நடந்திருக்கு என்று அவரிடம் அடிச்சுச் சொல்லியிருந்தேன்.

அது என் அவசரம். சீனாவில் பழைய காசு பல நூற்றாண்டு புழக்கத்தில் இருந்தது. 8ஆம் நூற்றாண்டில் வார்த்த காசு 13ஆம் நூற்றாண்டுக் கப்பலிலும் வந்திருக்கலாம். புதையலில் இருக்கும் கடைசிக் காசுதான் கணக்கு. எங்க வேலையில் லாக் ஃபைலில் கடைசி வரியைப் பார்ப்போமே, அதே மாதிரி.

பீங்கான் அப்படியில்லை. உடைஞ்சா குப்பை, யாரும் சேர்த்து வைப்பதில்லை. 1980களில் கொடுமணலைத் தோண்டிய அதே தமிழ்ப் பல்கலைக்கழகம் 1987இல் ராமநாதபுரம் கடற்கரையில் பெரியபட்டினத்தையும் தோண்டியது. லுங்சுவான் பச்சைப் பீங்கான், தெஹுவா வெள்ளை, ஜிங்தெஜென் நீலவெள்ளை ஓடுகள் வந்தன. பெரும்பாலும் 13, 14ஆம் நூற்றாண்டுச் சரக்கு. நீலவெள்ளை பெருமளவில் உற்பத்தியானதே 14ஆம் நூற்றாண்டில்தான்.

மறுமுனையிலும் சாட்சி இருக்கிறது: சீனத் துறைமுகமான சுவான்ஜோவில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு.

நண்பரிடம் சொன்னதைத் திருத்திவிட்டேன். "அப்போ உடைஞ்ச ஓட்டைத்தான் நம்போணும்ங்கறீங்க" என்றார். ஆமாங்க.