மான் துப்பாக்கிக்கு ஒரு மனு

இங்கிலாந்தில் ஒரு குடியானவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பயிரைத் தின்னும் முயல்களைச் சுடுவதற்காக .22 அங்குலக் குழலுடைய சிறிய ரைபிள் ஒன்றை அவர் வைத்திருக்கிறார். அதற்குரிய போலீஸ் சான்றிதழும் அவரிடம் உண்டு. இப்பொழுது பக்கத்துத் தோப்பில் மான்கள் பெருகி, நட்டு வைத்த இளமரங்களின் பட்டையையும் குருத்தையும் கடித்து நாசம் செய்கின்றன. மானைச் சுடுவதற்கு வேறொரு ரைபிள் வேண்டும். கையில்தான் சான்றிதழ் இருக்கிறதே, கடைக்குப் போய் வாங்கிவிடலாமே என்றால், அது முடியாது. அந்தச் சான்றிதழ் மனிதருக்கு மட்டும் தரப்பட்டதன்று. ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனித்தனியாக அதில் ஒரு வரி உண்டு. புதிய வரி ஒன்றைச் சேர்க்குமாறு அவர் போலீஸ் தலைமை அதிகாரிக்கு மனுச் செய்ய வேண்டும். அப்பொழுது அவரை நோக்கி ஒரு கேள்வி எழும்: “எதற்காக?”

இந்தச் சிறிய கேள்வி எவ்வாறு அந்த மனுவுக்குள் வந்து சேர்ந்தது என்பதையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். ஏனெனில், அந்நாட்டு அரசர்களும் பாராளுமன்றமும் பல நூற்றாண்டுகளாகக் கேட்டுவந்த கேள்வி இதுவன்று. அவர்கள் கேட்டதெல்லாம், “நீ யார்?” என்பதுதான்.

1066இல் இங்கிலாந்தை வென்ற நார்மானிய அரசன் வில்லியம், பரந்த நிலப்பரப்புகளை அரச வனங்கள் என்று ஒதுக்கினான். அவ்வெல்லைக்குள் மான் அரசனுடைய சொத்து. கலைமானையோ பிணைமானையோ கொன்றவனுடைய கண்களைப் பறிக்க அவன் ஆணையிட்டதாக அக்காலத்து ஆண்டுக் குறிப்பு கூறுகிறது. 1217இல் வெளியான வனச் சாசனம் அக்கொடுமையை ஓரளவு தணித்தது. மானுக்காக எவனும் உயிரையோ உறுப்பையோ இழக்கலாகாது என்றும், அபராதம் செலுத்த வேண்டும் என்றும், அதற்கு வழியில்லாதவன் ஓராண்டும் ஒரு நாளும் சிறையிலிருக்க வேண்டும் என்றும் அது விதித்தது. மகா சாசனத்தைப் பாடப் புத்தகத்தில் படிக்கும் நாம், அதன் தம்பியாகிய இந்தச் சாசனத்தை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. ஏழைக் குடியானவனுக்கு அண்ணனைவிடத் தம்பியே அதிகம் உதவியிருப்பான் என்பது என் கருத்து.

துப்பாக்கி வந்த பிறகும் அதே கேள்விதான். 1671இல் பாராளுமன்றம் இயற்றிய வேட்டைச் சட்டப்படி, ஆண்டுக்கு நூறு பவுன் வருமானம் தரும் சொந்த நிலம் இருந்தால்தான் ஒருவன் வேட்டையாடலாம். அந்தத் தகுதி இல்லாதவன் வீட்டில் வேட்டைத் துப்பாக்கி இருந்தால் பிரபுவின் காவலாள் பறிமுதல் செய்துகொள்ளலாம். 1689இல் வந்த உரிமைச் சட்டம் புராட்டஸ்டண்டுகள் தற்காப்புக்காக ஆயுதம் வைத்திருக்கலாம் என்றது. ஆனால் “தத்தம் நிலைமைக்கு ஏற்றவாறும், சட்டம் அனுமதிக்கும் வகையிலும்” என்னும் கருத்தையும் உடன் சேர்த்தது. அந்த “நிலைமை” என்ற சொல்லில் பழைய கேள்வியே ஒளிந்திருக்கிறது. பின்னர் 1723இல் வந்தது கறுப்புச் சட்டம். முகத்தில் கரி பூசிக்கொண்டு பிரபுக்களின் பூங்காக்களில் புகுந்து மான் திருடியவர்களை எண்ணி இயற்றிய சட்டம் அது. அதற்குத் தண்டனை தூக்கு. ஒரு மானுக்கு ஒரு மனித உயிர்! வனச் சாசனத்துக்கு ஐந்நூறு ஆண்டுகள் கழித்து நாகரிகம் பின்னோக்கி நடந்தது. அதன் பெரும்பகுதி நீக்கப்பட்டது 1823இல்தான். நிலத் தகுதி விதி 1831இல் மறைந்தது.

இதற்குப் பிறகு வந்த காலம் வியப்புக்குரியது. 1870ஆம் ஆண்டுச் சட்டப்படி, துப்பாக்கி எடுத்துச் செல்ல விரும்பிய ஓர் ஆங்கிலேயர் தபாலாபீசுக்குச் சென்று பத்து ஷில்லிங் கட்டினால் போதும், லைசென்சு கிடைத்துவிடும். அது வரியே தவிர விசாரணை அன்று. நீ யார் என்றோ, எதற்காக என்றோ யாரும் கேட்கவில்லை. ஆனால் அதே ஆங்கிலேயர் ஆண்ட நம் நாட்டில், எட்டே ஆண்டுகள் கழித்து, 1878இல், லிட்டன் பிரபுவின் காலத்தில் ஆயுதச் சட்டம் பிறந்தது. இந்தியர் அதிகாரியிடம் உரிமம் பெறாமல் துப்பாக்கி வைத்திருக்கலாகாது. ஐரோப்பியருக்கோ விதிகளில் விலக்கு இருந்தது. குடகு மக்களைப் போன்ற சிலருக்கும் விலக்கு அளித்தார்கள். தன் வீட்டில் தபாலாபீசில் விற்ற பொருளை, பிறர் வீட்டில் இரும்புப் பெட்டியில் பூட்டியது அந்த அரசாங்கம்.

அந்தப் பூட்டு முதல் உலகப் போருக்குப் பிறகு தாய்நாட்டுக்கும் சென்றது. போர்முனையிலிருந்து திரும்பிய இலட்சக்கணக்கான வீரர்கள் துப்பாக்கி பிடிக்கத் தெரிந்தவர்கள். மிஞ்சிய ஆயுதங்கள் எங்கும் சிதறிக் கிடந்தன. ருஷ்யாவில் புரட்சி நடந்துவிட்டது. அயர்லாந்தில் போராட்டம் மூண்டிருந்தது. 1919இல் வேலைநிறுத்தங்கள் நாட்டைக் கலக்கின. 1920இல் பாராளுமன்றம் துப்பாக்கிச் சட்டத்தை நிறைவேற்றியது. பொதுமக்களிடம் அது குற்றத் தடுப்பு என்று விளக்கப்பட்டது. ஆனால் அமைச்சரவை அறையில் புரட்சியைப் பற்றிய அச்சமே பேசப்பட்டது என்பதைப் பிற்காலத்தில் வெளியான ஆவணங்கள் காட்டுகின்றன. இனிமேல் ரைபிளோ கைத்துப்பாக்கியோ வைத்திருக்கப் போலீஸ் தலைமை அதிகாரியின் சான்றிதழ் வேண்டும். மனுதாரருக்குத் “தக்க காரணம்” இருக்க வேண்டும். அவரிடம் ஆயுதம் இருப்பதால் பொது அமைதிக்குக் கேடு விளையக் கூடாது. எந்த வகைத் துப்பாக்கி, எத்தனை, எவ்வளவு தோட்டா என்பதெல்லாம் சான்றிதழில் எழுதப்பட வேண்டும். பிரபுவுக்கும் குடியானவனுக்கும் ஒரே விதி. “நீ யார்?” என்பதோடு “எதற்காக?” என்பதும் சேர்ந்துவிட்டது. அச்சத்தில் பிறந்த சட்டம்தான். ஆயினும் நில வருமானத்தைக் கேட்ட சட்டத்தைவிட இது நியாயமானது என்றே நான் கருதுகிறேன்.

காரணங்களின் பட்டியல் நாளடைவில் சுருங்கியது. தற்காப்பு என்பது பொதுவாகத் தக்க காரணமாகாது என்று 1946இல் உள்துறை அமைச்சர் பாராளுமன்றத்தில் அறிவித்தார். வேட்டையும் குறிசுடும் விளையாட்டும் நிலைத்து நின்றன.

இனி மானின் பக்கம் வருவோம். பிரிட்டனில் ஓநாய் அழிந்து பல தலைமுறைகள் ஆயின. மானைத் தின்னும் விலங்கு இல்லை. மானைக் குறைக்க மனிதன்தான் வேண்டும். ஆனால் அவன் எப்படிக் குறைத்தான்? மிகச் சமீப காலம் வரையில், ஆட்களை வளைத்து நிறுத்தி, மான்களை வெருட்டி, பறவை சுடும் சிறுகுண்டுத் துப்பாக்கியால் சுட்டார்கள். கண்ணி வைத்தும் பிடித்தார்கள். குண்டு பட்ட மான் ஓடிப்போய்ப் புதரில் நாட்கணக்கில் துடித்துச் சாகும். இதைக் கண்டு மனம் பொறாதவர்களின் முயற்சியால் 1963இல் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மான் சட்டம் வந்தது. மான் ஈனும் பருவத்தில் வேட்டை கூடாது என்றது. ரைபிளின் குழல் .240 அங்குலத்துக்குக் குறையலாகாது. குண்டு புறப்படும்போது அதன் விசை 1,700 அடி-பவுண்டுக்குக் குறையலாகாது என்றும் விதித்தது. முயல் சுடும் .22 ரைபிளின் விசை பொதுவாக 200 அடி-பவுண்டைக்கூட எட்டுவதில்லை. 2007க்குப் பின் மிகச் சிறிய இரண்டு மான் இனங்களுக்கு மட்டும் இவ்விதி தளர்ந்தது. ஸ்காட்லாந்தில் இதே நோக்கத்துடன் 1985இல் வேறு அளவுகள் விதிக்கப்பட்டன.

இங்கேதான் வேடிக்கை. துப்பாக்கிச் சட்டம் மனுதாரரைப் பார்த்து, “இவ்வளவு வலிய ஆயுதம் உனக்கு ஏன்?” என்று கேட்கிறது. மான் சட்டமோ, “இதைவிட வலிமை குறைந்ததைத் தொடாதே” என்கிறது. ஒன்று மனிதனுக்கு அஞ்சி எழுதப்பட்டது. மற்றொன்று விலங்குக்கு இரங்கி எழுதப்பட்டது. நம் குடியானவரின் மனுவில் இரண்டும் சந்திக்கின்றன. முதல் சட்டத்தின் கேள்விக்கு இரண்டாம் சட்டமே விடையைக் கொடுக்கிறது: மானைத் துன்பமின்றிக் கொல்ல வேண்டும், அதற்கு இந்த ரைபிள்தான் சட்டப்படி தகுதியுடையது.

அது போதுமா? போதாது. எந்த நிலத்தில் சுடப்போகிறார், நிலத்துக்காரரின் சம்மதம் உண்டா, குறி தவறினால் குண்டு புதைவதற்கு அங்கே மண்மேடு இருக்கிறதா என்றெல்லாம் போலீசார் கேட்பர். வீட்டில் இரும்பு அலமாரி உறுதியாக உள்ளதா என்றும் பார்ப்பர். இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்று கேட்பவர் 1996ஆம் ஆண்டை நினைவுகூர வேண்டும். அவ்வாண்டு மார்ச்சு 13ஆம் நாள் ஸ்காட்லாந்தின் டன்பிளேன் என்னும் ஊரில் ஒரு பள்ளிக்குள் புகுந்தவன் 16 குழந்தைகளையும் அவர்களுடைய ஆசிரியையையும் சுட்டுக் கொன்றான். அவன் கையிலிருந்தவை சான்றிதழ் பெற்ற துப்பாக்கிகள். மறு ஆண்டில் கைத்துப்பாக்கிகள் ஏறக்குறைய முழுவதும் தடை செய்யப்பட்டன. மான் ரைபிளுக்கு அந்தத் தடை வரவில்லை. அதற்குச் சொல்லத்தக்க காரணம் ஒன்று எஞ்சியிருந்தது.

நம் நாட்டில் அந்தக் காரணமும் இன்று இல்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1991இல் வந்த அதன் திருத்தமும் பொழுதுபோக்கு மான் வேட்டையை முற்றிலும் மூடிவிட்டன. துப்பாக்கி உரிமம் பெற்றவரும் மானைச் சுட முடியாது.

நம் குடியானவரின் மனு மறுக்கப்பட்டால்? இங்கிலாந்தில் கிரௌன் நீதிமன்றத்திலும், ஸ்காட்லாந்தில் ஷெரீப் நீதிமன்றத்திலும் அவர் முறையிடலாம். 1966இல் ஸ்காட்லாந்தில் வந்த ஒரு தீர்ப்பு, காரணம் தக்கதா என்பதை ஆட்சேபிக்கக் கூடியவரின் இடத்திலிருந்து பார்க்காமல், மனுச் செய்தவரின் இடத்திலிருந்து பார்க்க வேண்டும் என்றது. மனு ஏற்கப்பட்டால், சான்றிதழில் இரண்டாவது வரி ஏறும். அவர் ரைபிளை வாங்கியதும், அதன் எண்ணோடு அந்தச் செய்தியை, விற்றவரும் வாங்கியவரும் ஏழு நாட்களுக்குள் போலீசுக்குத் தெரிவிக்க வேண்டும்.